நாலு பேர் சேர்ந்தால் நினைவு கூடுமா?

மே மாதம் வந்துவிட்டால் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் இந்தச் செய்தி தவறாது: 40 ஆண்டுகளுக்குப் பிறகு சந்தித்துக்கொண்ட முன்னாள் மாணவர்கள். ஒரே நிறத்தில் சட்டை, ஒரே நிறத்தில் புடவை, ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்குப் பொன்னாடை, படித்த பள்ளிக்கு ஒரு பீரோ, மதியம் பிரியாணி. அப்படி ஒரு சந்திப்புக்குப் போய்வந்த வாசகர், மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுதிக் கேட்டிருக்கிறார்: "பத்தாவதோடு பிரிந்த ஒருவனை வாசலிலேயே அடையாளம் கண்டுகொண்டேன். அவன் அப்பாவின் சைக்கிள் கடைகூட நினைவிருக்கிறது. பெயர் மட்டும் வரவே இல்லை. இது மறதி நோயின் தொடக்கமா? பழைய நண்பர்கள் கூடிப் பேசினால் நினைவாற்றல் பெருகும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே, அது உண்மையா?"

முதல் கேள்விக்கு 1975-லேயே பதில் வந்துவிட்டது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஹாரி பாரிக் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும், உயர்நிலைப் பள்ளியை முடித்த 392 பேரை அவரவர் பள்ளி ஆண்டுமலரில் இருந்த படங்களையும் பெயர்களையும் வைத்துச் சோதித்தார்கள். படிப்பு முடிந்து சில மாதமே ஆனவர்களும் அதில் இருந்தார்கள், கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு ஆனவர்களும் இருந்தார்கள். அந்நிய முகங்களுக்கு நடுவிலிருந்து தன் வகுப்புத் தோழனின் முகத்தைப் பொறுக்கி எடுப்பதில் 35 ஆண்டு கழித்தும் 100-க்கு 90 சரி. அதே முகத்தைக் காட்டிப் பெயரைக் கேட்டால் கதையே வேறு. ஆண்டுகள் ஏற ஏற மளமளவென்று சரிவு. முகம் கண்ணெதிரே நிற்கிறது, ஆம் இல்லை என்று சொன்னால் போதும். பெயரையோ நாமே உள்ளே போய்த் தேடி எடுத்துவர வேண்டும். எனவே வாசகர் கவலைப்பட வேண்டாம். போன தெருவிலிருந்து வீடு திரும்ப வழி தெரியாமல் போனால் மருத்துவரைப் பாருங்கள். வகுப்புத் தோழன் பெயர் வராததற்குத் தேவையில்லை.

இரண்டாவது கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. கூடிப் பேசினால் நினைவு பெருகும் என்று நாம் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறோம். ஆய்வகம் அதற்கு நேர் எதிராகச் சொல்கிறது.

சோதனை எளிமையானது. மூன்று பேருக்கு ஒரு சொற்பட்டியலையோ கதையையோ காட்டிவிட்டு, பிறகு ஒரே மேசையில் உட்காரவைத்து, நினைவில் இருப்பதையெல்லாம் சேர்ந்து சொல்லச் சொல்கிறார்கள். வேறு மூன்று பேரைத் தனித்தனியே உட்காரவைத்து எழுதச் சொல்லி, மூன்று தாள்களையும் சேர்த்து, திரும்பத் திரும்ப வந்ததை ஒருமுறை மட்டும் எண்ணுகிறார்கள். கூடிப் பேசியவர்கள் தனியாள் ஒருவரைவிட அதிகம் சொல்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் தனித்தனியே எழுதிய மூவரின் மொத்தக் கணக்கை எட்டுவதில்லை. மேரி வெல்டனும் கிரிஸ்டல் பெல்லிங்கரும் 1997-ல் இதை வெளியிட்ட பிறகு எத்தனையோ ஆய்வகங்களில் செய்து பார்த்துவிட்டார்கள். அநேகமாக அதே முடிவுதான். "மற்றவன் சொல்லட்டும்" என்ற சோம்பலா காரணம்? அதையும் பார்த்தார்கள். பரிசுத் தொகை வைத்து ஊக்கப்படுத்தியும் குறை தீரவில்லை.

அப்படியானால் எங்கே ஒழுகுகிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

அஞ்சறைப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா வீட்டிலும் அதே கடுகு, உளுத்தம்பருப்பு, சீரகம், வெந்தயம், மிளகு. எந்த அறையில் எது என்பது அந்தந்த வீட்டுக்காரிக்கு மட்டும் தெரிந்த கணக்கு. எண்ணெய் காய்ந்ததும் அவள் பெட்டியைக் குனிந்து பார்ப்பதுகூட இல்லை. கடுகு, அதற்குப் பக்கத்தில் உளுந்து, அதற்கு அடுத்து வெந்தயம் என்று கை தானாக நகரும். இப்போது விசேஷ வீடு. அக்கா தங்கை மூன்று பேர் ஒரே அடுப்பில் தாளிக்க நிற்கிறார்கள். பெரியவளின் கை கடுகிலிருந்து உளுந்துக்குப் போகும்போது நடுவிலவள் "சீரகம்" என்கிறாள், ஏனென்றால் அவள் வீட்டுப் பெட்டியில் கடுகுக்குப் பக்கத்தில் சீரகம். பெரியவளின் கை பாதியில் நிற்கிறது. சின்னவள் "பெருங்காயம் எங்கே?" என்கிறாள். வெந்தயம் பெட்டியை விட்டு எங்கும் போகவில்லை. யார் கையும் அந்த அறைக்குப் போய்ச் சேரவில்லை. குழம்பு வெந்தயம் இல்லாமலே இறங்கிவிடுகிறது. சாயங்காலம் வீட்டுக்குப் போய்த் தன் பெட்டியைத் திறந்த பிறகுதான் பெரியவளுக்கு "ஐயோ, வெந்தயம்!" என்று உறைக்கிறது.

நினைவும் இப்படியேதான். ஒவ்வொருவரும் தமக்கென்று ஒரு வரிசையில் கோத்து வைத்திருக்கிறோம். ஒருவருக்கு ஆசிரியர் வாரியாக, இன்னொருவருக்கு உட்கார்ந்த பெஞ்ச் வாரியாக, வேறொருவருக்கு வாங்கிய அடி வாரியாக. அடுத்தவர் வாயைத் திறந்ததும் நம் வரிசை அறுந்து அவருடைய வரிசை ஓடத் தொடங்குகிறது. பார்பரா பாஸ்டன், டேவிட் பாஸ்டன் குழுவினர் 1997-ல் இதைப் பிரித்துக் காட்டினார்கள்: "நீ இந்த வகைப் பொருள்களை மட்டும் சொல், நீ அந்த வகையை மட்டும்" என்று ஆளுக்கொரு பங்காகக் கொடுத்தபோது குறை மறைந்துபோனது. ஆளுக்கொரு அறை, கை முட்டவில்லை.

இன்னொன்றையும் கவனித்தார்கள். கூட்டம் கலைந்த பிறகு தனித்தனியே எழுதச் சொன்னால், கூடிப் பேசியவர்கள் பேசாதவர்களைவிட அதிகமாக எழுதுகிறார்கள். மறந்தது திரும்புகிறது, மற்றவர் வாயிலிருந்து கேட்டதும் சேர்ந்துகொள்கிறது. ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தின் சுபர்ணா ராஜாராம் பல ஆண்டுகளாக ஆராய்வது இதைத்தான். கூடியிருக்கும் நேரத்தில் குறைகிறது, கூடிக் கலைந்த பின் கூடுகிறது. சந்திப்பு முடிந்து ஊர் திரும்பும் பேருந்தில் விழுப்புரம் தாண்டியதும் வரிசையாகப் பெயர்கள் வந்து விழுவது இதனால்தான்.

ஆனால் ஆய்வக மேசையில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறியாதவர்கள், நினைவுகூர்ந்ததோ யாரோ கொடுத்த பட்டியல். வகுப்புத் தோழர்கள் அப்படியல்ல. இங்கே இரண்டு ஆய்வுகளை மதிக்கிறேன். 2009-ல் மிஷல் மீட் குழுவினர் அனுபவமிக்க விமானிகளை இணையிணையாக உட்காரவைத்து, விமானப் பயணச் சூழல்களை நினைவுகூரச் செய்தார்கள். சேர்ந்தபோது அவர்களுக்கு நினைவு கூடியது, புதியவர்களுக்குக் குறைந்தது. விமானிகள் ஒருவர் சொன்னதை மற்றவர் ஏற்று, திருப்பிச் சொல்லி, அதன் மேல் அடுத்ததை வைத்தார்கள். 2011-ல் ஆஸ்திரேலியாவில் சீலியா ஹாரிஸ் குழுவினர் பல்லாண்டு வாழ்ந்த தம்பதிகளிடம் பேசினார்கள். தேனிலவில் பார்த்த நாடகத்தின் பெயர் ஒரு ஜோடிக்குத் தெரியவில்லை. மனைவி நடிகரின் பெயரைச் சொன்னார், உடனே கணவருக்கு நாடகத்தின் பெயர் வந்துவிட்டது. பெயர் இருவரில் யாரிடமும் தயாராக இல்லை. இருவருக்கும் நடுவில் இருந்தது. எல்லாத் தம்பதிகளுக்கும் இது வாய்க்கவில்லை. ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டாமல், அடுத்தவர் எடுத்த இழையையே பிடித்துப் போனவர்களுக்கு வாய்த்தது. ஐந்து வருடம் ஒரே காலஅட்டவணையில் உட்கார்ந்தவர்கள், கிட்டத்தட்ட ஒரே வரிசையில் அடுக்கிய பெட்டிகளோடு வருகிறார்கள். பேசத் தெரிந்து பேசினால் அவர்களுக்கும் வாய்க்கும்.

கலப்படமும் நடக்கும். சென்ற ஆண்டு நண்பர் ஒருவரின் வகுப்புச் சந்திப்பில் விருந்தாளியாக இருந்தேன். 1985-ல் பத்தாம் வகுப்பு முடித்தவர்கள். பந்தியில் பேச்சு சத்துணவுக்குப் போனது.

"டேய், அந்த அலுமினியத் தட்டு ஞாபகம் இருக்கா? அடியில ஆணியால பேரைக் கீறி வச்சிருப்போமே!"

"ஆமாண்டா. முட்டை போடுற அன்னிக்கு வரிசை கிணத்தடி வரைக்கும் நிக்கும்."

"ஒண்ணைத் தின்னுட்டு மறுபடி கடைசியில போய் நிப்பியே நீ!"

இலை எடுப்பதற்குள் அந்த வரிசையில் இருந்த எல்லோரும் முட்டை சாப்பிட்டிருந்தார்கள். ஆண்டுகளைப் பாருங்கள். எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியது 1982 ஜூலையில், சிறு பிள்ளைகளுக்கு. 15 வயது வரையுள்ள மாணவர்களுக்கு அது விரிந்தது 1984 செப்டம்பரில். ஆகவே தட்டு உண்மை, பத்தாம் வகுப்பின் கடைசி மாதங்களில் சோறும் உண்மை. முட்டை வந்ததோ 1989-ல், இரண்டு வாரத்துக்கு ஒன்று. அவர்கள் பள்ளியை விட்டு 4 ஆண்டு கழித்து. தம்பி தங்கை தின்ற முட்டை இவர்கள் தட்டுக்கு வந்துவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை.

ரோடிகர், மீட், பெர்க்மன் மூவரும் 2001-ல் செய்த சோதனையில் இதே நடந்தது. சமையலறை போன்ற வீட்டுக் காட்சிகளின் படத்தைக் காட்டிவிட்டு, இருவராகச் சேர்ந்து நினைவுகூரச் சொன்னார்கள். ஒருவர் ஆய்வாளரின் ஆள். படத்தில் இல்லாத பொருள் சிலவற்றை அவர் சொல்லி வைத்தார். பிறகு தனியே எழுதும்போது மற்றவர்கள் அவற்றையும் எழுதினார்கள். அந்த இடத்தில் வழக்கமாக இருக்கக்கூடிய பொருள் என்றால் இன்னும் சுலபமாக ஒட்டிக்கொண்டது. சீரகத்தில் நாலு கடுகு விழுந்தால் எடுத்துப் போடலாம்; கடலைப்பருப்பில் துவரம்பருப்பு விழுந்தால் கண்ணுக்கே படாது. சத்துணவில் முட்டை அப்படிப்பட்டது.

தனியாக நினைத்தாலும் சாய்வு இருக்கத்தான் செய்கிறது. அதே பாரிக், 1996-ல் கல்லூரி மாணவர் 99 பேரிடம் அவர்களுடைய உயர்நிலைப் பள்ளி மதிப்பெண் தரங்களைக் கேட்டுப் பள்ளிப் பதிவேட்டோடு ஒப்பிட்டார். மொத்தம் 3,220 தரங்கள். 71 சதவீதம் சரி. முதல் தரமான ஏ வாங்கிய பாடங்களில் 89 சதவீதம் சரி, டி வாங்கிய பாடங்களில் 29 சதவீதம்தான். பிழைகளில் பெரும்பாலானவை மேல்நோக்கிப் போன பிழைகள்.

வரலாற்றுக்கு ஒரு பத்தி கொடுக்காவிட்டால் பேராசிரியர்கள் கடிதம் போடுவார்கள். ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-ல் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து மறதியை அளந்தார், தன்னந்தனியாக. மனிதன் கூட்டத்தோடுதான் நினைக்கிறான் என்று மொரிஸ் ஆல்பவாக்ஸ் 1925-ல் பிரான்சில் எழுதினார். நினைவு ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுகிறது என்று பிரெடெரிக் பார்ட்லெட் 1932-ல் இங்கிலாந்தில் காட்டினார். இவர்களில் யாருடைய பெயரும் தெரியாமலே நாம் பந்தியில் உட்கார்ந்து அதை நிரூபித்துக்கொண்டிருக்கிறோம்.

வாட்ஸ்அப்பில் வந்த செய்திக்கு வருகிறேன். லான்செட் ஆணையம் 2024-ல் வெளியிட்ட அறிக்கை, மாற்றிக்கொள்ளக்கூடிய 14 காரணிகள் மறதி நோய்க்கு இடம் தருகின்றன என்று சொல்கிறது. தனிமைப்பட்டுக் கிடப்பது அதில் ஒன்று. காது மந்தம், உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை எல்லாமும் அதே பட்டியலில்தான். ஆண்டுக்கொரு நாள் கூடிச் சாப்பிடுவது மறதி நோயைத் தள்ளிப்போடும் என்று யாரும் நிரூபித்ததில்லை. "மூளையைப் புதுப்பிக்கும் பள்ளி நட்பு" என்று படம் போட்டு அனுப்புகிறவர்கள், ஒரு நல்ல விஷயத்தை லேகியம்போல விற்கிறார்கள். பழைய நண்பனைப் பார்க்க மருத்துவக் காரணம் எதற்கு?

என்னை உண்மையிலேயே உறுத்துவது வேறு. அலெக்சாண்ட்ரு குக், ஜோனதன் கோப்பல், வில்லியம் ஹர்ஸ்ட் மூவரும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், ஒருவர் ஒரு நிகழ்ச்சியின் சில பகுதிகளை மட்டும் சொல்லும்போது, அதோடு ஒட்டிய, சொல்லாமல் விட்ட பகுதிகள் பேசியவருக்கு மட்டுமல்ல, கேட்டவருக்கும் கூடுதலாக மங்கின. சம்பந்தமே இல்லாதவை அந்த அளவுக்கு மங்கவில்லை. தினமும் திறக்கும் அறையில் சரக்கு புதிதாகவே இருக்கும். பக்கத்திலேயே திறக்காமல் விட்ட அறையில் வண்டு விழும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பி.டி. மாஸ்டரின் பிரம்பைப் பற்றி நூறு முறை பேசுகிறோம். மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் குழாயில் தண்ணீர் குடித்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தவனைப் பற்றிப் பேசுவதில்லை. அவன் இருந்ததே மங்கிக்கொண்டு போகிறது.

அந்த 'பேட்ச்' குழுவில் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பெண்கள் பாதிப்பேர் கிடைப்பதில்லை. திருமணத்தோடு ஊரும் மாறி, பெயருக்கு முன்னிருந்த அப்பாவின் எழுத்து கணவரின் எழுத்தாக மாறி, தேடுகிறவர்கள் கைக்கு எட்டாமல் போய்விட்டார்கள். ஒன்பதாம் வகுப்பில் பெயிலாகி நின்றவர்களை யாரும் தேடுவதே இல்லை, குழுவின் பெயரே 'பத்தாம் வகுப்பு 1985' என்பதால்.

அடுத்த சந்திப்பை நடத்துகிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன். நாள் குறித்ததும், எதையும் குழுவில் பேசுவதற்கு முன், ஒவ்வொருவரும் தனியாக இரண்டு பக்கம் எழுதட்டும். அன்று ஆளுக்கொரு பகுதியாகப் பேசட்டும்: ஒருவர் விளையாட்டுத் திடல், ஒருவர் ஆய்வுக்கூடம், ஒருவர் பள்ளிக்கு நடந்துவந்த வழி. தலைமையாசிரியரிடம் கேட்டுப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைப் பாருங்கள். ஆறாம் வகுப்பில் சேர்ந்த எல்லோருடைய பெயரும் அதில் இருக்கும், இடையில் நின்றவர்கள் உட்பட. அவர்களைத் தேடிப் போய் அழைத்துவாருங்கள். குழுவில் நூறு முறை சொன்ன கதைகள் எதையும் அவர்கள் கேட்டதில்லை. ஆகவே ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புவரை நடந்தவை யார் கையும் கலக்காமல் இருப்பது அவர்களிடம்தான். மைக்கை முதலில் அவர்களிடம் கொடுங்கள், மற்றவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே.