நட்சத்திர மீன்களைத் தூக்கி வீசிய விஞ்ஞானி... சூழலியலைப் புரட்டிப்போட்ட ராபர்ட் பெய்ன்!

கையில் கடப்பாரையோடு ஒருவர் கடற்கரைக்குப் போகிறார். பாறையில் ஒட்டியிருக்கும் நட்சத்திர மீன்களை நெம்பி எடுத்து, கடலுக்குள் வீசுகிறார். கொஞ்ச நாள் கழித்துத் திரும்ப வருகிறார். மறுபடியும் அதே வேலை. இப்படியே வருஷக்கணக்கில்!

‘இவருக்கு வேற வேலையே இல்லையா?’ என்று தோன்றுகிறதா? ஆனால், வனவிலங்குப் பாதுகாப்பு பற்றிய பேச்சில் நாம் அடிக்கடி கேட்கும் ‘கீஸ்டோன் இனம்’ என்ற கருத்து பிறந்தது இந்த வேலையில்தான். அவர் பெயர் ராபர்ட் பெய்ன். அமெரிக்கக் கடல் சூழலியலாளர்.

எங்கே தொடங்கியது?

1933-ல் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் பிறந்தவர் பெய்ன். ஹார்வர்டில் பட்டம், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். மிச்சிகனில் இவருடைய ஆசிரியர் ஃப்ரெட் ஸ்மித். அவரும் இரண்டு சகாக்களும் 1960-ல் எழுதிய ஒரு கட்டுரை, கேட்க ரொம்ப சிம்பிளான ஒரு கேள்வியைத் தொட்டது: இலை தின்னும் உயிர்கள் இத்தனை இருந்தும் உலகம் ஏன் இன்னும் பச்சையாகவே இருக்கிறது?

இலை தின்னிகளை வேட்டையாடிகள் கட்டுக்குள் வைத்திருப்பதால்தான் என்பது அவர்கள் தந்த பதில். சரி, இதை எப்படிச் சோதிப்பது? பெய்னின் வழி நேரடியானது. வேட்டையாடியைத் தூக்கிவிட்டு, என்ன நடக்கிறதுன்னு பார்த்துட வேண்டியதுதான்!

பாறையில் என்ன நடந்தது?

வாஷிங்டன் மாகாணத்தில், மக்கா பழங்குடியினரின் நிலத்தை ஒட்டிய கடற்கரையில் 1963-ல் சோதனை தொடங்கியது. சுமார் 8 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலமுள்ள ஒரு பாறைப் பகுதியிலிருந்து மட்டும் ‘பிசாஸ்டர்’ என்ற நட்சத்திர மீன்களை அவர் அகற்றிக்கொண்டே இருந்தார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக பக்கத்துப் பகுதியைத் தொடவே இல்லை.

சில மாதங்களிலேயே, ஓடு மூடிய சிற்றுயிர்களான பார்னக்கிள்கள் பாறையின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டன. அடுத்து வந்த மட்டிகள் அவற்றையும் நெருக்கித் தள்ளின. 15 இனங்கள் வாழ்ந்த இடத்தில் 8-தான் மிச்சம். தொடாமல் விட்ட பகுதியில் இந்த மாற்றம் நடக்கவில்லை.

காரணம், இடம். பாறையில் ஒட்டி வாழும் உயிர்களுக்கு இடம்தான் சொத்து. அந்தப் போட்டியில் மட்டியை அடிச்சுக்க ஆளே இல்லை. நட்சத்திர மீன் மட்டியைத் தின்று இடத்தைக் காலி செய்ததால்தான் மற்ற உயிர்கள் பிழைத்தன. இதில் ஆச்சரியம் என்னவென்றால், நட்சத்திர மீன் தொட்டுக்கூடப் பார்க்காத பாசிகளும் இடமில்லாமல் காணாமல் போயின.

1966-ல் இந்த முடிவுகள் வெளியாகின. 1969-ல் பெய்ன் இதற்கு ஒரு பெயர் வைத்தார். கல் வளைவின் உச்சியில் இருக்கும் ஒற்றைக் கல்லை உருவினால் வளைவே சரிந்துவிடும். ஆங்கிலத்தில் அதன் பெயர் ‘கீஸ்டோன்’. எண்ணிக்கை குறைவாக இருந்தாலும், மொத்த அமைப்பையும் தாங்கிப் பிடிக்கும் இனம்தான் கீஸ்டோன் இனம்.

ஒரு சந்திப்பு, ஒரு திருப்பம்

1971-ல் அலாஸ்காவின் அம்சிட்கா தீவில் ஜிம் எஸ்டஸ் என்ற இளம் ஆய்வாளரை பெய்ன் சந்தித்தார். கெல்ப் என்ற பெரிய கடற்பாசிக் காடுகள் கடல் நீர்நாய்களை எப்படி வாழவைக்கின்றன என்று ஆராய நினைத்தவர் எஸ்டஸ். ‘அப்படியே திருப்பிப் போட்டு யோசித்துப் பாருங்களேன்’ என்பதுதான் பெய்ன் சொன்ன யோசனையின் சாரம்.

ரோம வணிகத்துக்காக வேட்டையாடப்பட்டு நீர்நாய்களே இல்லாமல்போன தீவுகளை எஸ்டஸ் போய்ப் பார்த்தார். அங்கே கடலடி முழுக்க முள்ளெலிகள். அவை மேய்ந்து தீர்த்ததில் கெல்ப் காடே இல்லை. நீர்நாய் முள்ளெலியைத் தின்றால்தான் காடு நிற்கும்! 1974-ல் வெளியான இந்த ஆய்வு, சூழலியலில் இன்றும் பேசப்படும் உதாரணம். மேலே இருக்கும் வேட்டையாடியின் தாக்கம் படிப்படியாகக் கீழே இறங்கும் இந்தத் தொடர்விளைவுக்கு 1980-ல் ஆங்கிலத்தில் பெயர் வைத்தவரும் பெய்ன்தான்.

அவருடைய மாணவர்களும் பெரிய ஆட்கள். அன்டார்டிகா கடலடியை ஆராய்ந்த பால் டேட்டன், பின்னாளில் அமெரிக்கக் கடல் மற்றும் வளிமண்டல நிர்வாகத்தின் தலைவரான ஜேன் லுப்சென்கோ இருவரும் இவரிடம் படித்தவர்கள்தான்.

அப்போ எல்லா இனமும் கீஸ்டோனா?

இல்லை. சொல் பிரபலமானதும் ஆளாளுக்கு, பிடித்த விலங்குக்கெல்லாம் அந்தப் பட்டத்தைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். 1993-லேயே சூழலியலாளர்கள் சிலர் இதை விமர்சித்தார்கள். பெய்னும் டட்டூஷ் தீவில் பல ஆண்டுகள் அளந்து பார்த்தார். உணவு வலையில் பெரும்பாலான தொடர்புகள் பலவீனமானவை, சில மட்டுமே வலுவானவை என்று 1992-ல் எழுதினார். அந்தச் சில எவை என்பது பார்த்தவுடன் தெரியாது. சோதித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இன்று ஏன் முக்கியம்?

2013 முதல் வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் நட்சத்திர மீன்கள் கொத்துக் கொத்தாகச் செத்தன. கைகள் கழன்று, உடல் கரைந்துபோகும் நோய். முள்ளெலிகளைத் தின்னும் சூரியகாந்தி நட்சத்திர மீன்கள் 90 சதவீதத்துக்கும் மேல் அழிந்தன. கடல் வெப்ப அலையும் சேர்ந்துகொள்ள, வட கலிஃபோர்னியாவில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்ட கெல்ப் காடு காணாமல் போனது. இந்த இனத்தைத் தாக்கியது ஒரு வகை விப்ரியோ பாக்டீரியா என்று 2025-ல்தான் கண்டறிந்தார்கள்.

பெய்ன் ஒரு சிறு பாறையில் செய்ததை நோய் ஒரு பெருங்கடலின் கரை முழுக்கச் செய்தது. என்ன வித்தியாசம்னா, இங்கே ஒப்பிட்டுப் பார்க்க யாரும் பக்கத்துப் பாறையை விட்டுவைக்கவில்லை.

2016-ல் தன் 83-வது வயதில் பெய்ன் காலமானார். எந்தக் கல்லை உருவினால் வளைவு சரியும் என்று தெரியாமலேயே நாம் ஒவ்வொரு கல்லாக உருவிக்கொண்டிருக்கிறோம். அவர் கடப்பாரையோடு போனது, அது எந்தக் கல் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளத்தான்.