அடிபட்ட எண்ணெய்த் தொட்டி



குளுவாங் வட்டாரத் தோட்டங்களில் கார் ஓட்டும் நமக்குச் செம்மண் பாதை புதிதல்ல. மழைக்காலத்தில் செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் இருபுறமும் பள்ளம் பறித்துவிடும்; நடுவில் மேடு நிற்கும். அந்த மேட்டில் உள்ள ஒரு கல் போதும், காரின் 'சம்ப்' எனப்படும் எண்ணெய்த் தொட்டியை உடைக்க.

கடையில் 'மினியாக் ஹித்தாம்' என்று நாம் கேட்டு வாங்கும் எண்ணெய், சிறிய கார்களில் 3 முதல் 4 லிட்டர் வரை, எஞ்சினுக்கு அடியில் உள்ள இந்தத் தொட்டியில்தான் தங்குகிறது. பம்பு அதை உறிஞ்சி எஞ்சின் முழுவதும் அனுப்புகிறது. ரப்பர் மரத்தில் மங்கு உடைந்தால் பால்தான் வீண்; மரத்துக்குக் கேடில்லை. இங்கே தொட்டி உடைந்தால் எஞ்சினே பாழாகும்.

ஆகவே, சிவப்பு எண்ணெய் விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்த வேண்டும். "வீடு பக்கத்தில்தானே" என்று ஓட்டுவதே நாம் செய்யும் பெரிய தவறு. எண்ணெயின்றிச் சில நிமிடம் ஓடினாலும் பேரிங்குகள் கெட்டுவிடும். தொட்டியை மாற்றுவது சிறு செலவு. எஞ்சினை மாற்றுவதோ பல மாதச் சம்பளம்.

எண்ணெய் ஒழுகாவிட்டாலும் தொட்டி நசுங்கியிருந்தால் சோதிக்க வேண்டும். நசுங்கிய தகடு, பம்பின் உறிஞ்சுகுழாய் வாயை அடைத்துவிடலாம்.

மாற்றும் முறை இது. காரை ஜாக்கியால் தூக்கி, உறுதியான இரும்புத் தாங்கிகளில் நிறுத்த வேண்டும். ஜாக்கியையோ செங்கல்லையோ நம்பி அடியில் படுக்கக் கூடாது, உயிருக்கே ஆபத்து. மீதி எண்ணெயை வடித்து, போல்ட்டுகளைக் கழற்றித் தொட்டியை இறக்க வேண்டும். சில கார்களில் முதலில் புகைக்குழாயையும் கழற்ற நேரும். பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி, உறிஞ்சுகுழாயின் வடிகட்டியைத் துடைத்துப் பார்க்க வேண்டும். புதிய கேஸ்கெட்டுடன் புதிய தொட்டியைப் பொருத்தி, போல்ட்டுகளை மாறி மாறிச் சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். அளவு மீறினால் விளிம்பு வளைந்து மீண்டும் ஒழுகும். பிறகு எண்ணெய் ஊற்றி, அளவுகோலில் பார்த்து, எஞ்சினை ஓட்டிச் சோதிக்கலாம். சிவப்பு விளக்கு அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள்.

வடித்த எண்ணெயைக் கால்வாயில் கொட்டாதீர்கள். 2005ஆம் ஆண்டு விதிகளின்படி அது தனியே கையாள வேண்டிய கழிவு. பழைய எண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். அந்தக் கால்வாய் நீர் நம் பிள்ளைகள் விளையாடும் ஆற்றில்தானே கலக்கிறது!