தொண்டைமானாற்று முகத்துவாரமும் மாரிகாலப் படகோட்டமும்

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கற் பாறையின்மேல் அமைந்த நிலமாகும். பெய்யும் மழைநீரின் பெரும்பகுதி பாறைப் பிளவுகளினூடே நிலத்தின்கீழ் இறங்கிவிடுதலின், ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இங்கு ஒன்றேனும் இல்லை. எனினும், அச்சுவேலியிலிருந்து வடகிழக்கு நோக்கிச் சில கல் தொலைவு செல்வோர், செல்வச்சந்நிதி முருகன் கோயிலின் அயலிலே தொண்டைமானாறு என்னும் நீர்நிலையைக் காண்பர். ஆறு எனப் பெயர் பூண்டிருப்பினும், வடமராட்சிக் கடல்நீரேரி வடகடலோடு கலக்கும் வாயிலே இது. இத்தகைய ஆழமற்ற வாயிலிற் படகு செலுத்துதல் எக்காலத்தும் விழிப்பை வேண்டுவது. மாரிகாலத்திலோ உயிரையே பணயமாக வைத்துச் செய்யுந் தொழிலாகும். அதன் காரணங்களையும், அவ்விடத்துப் படகோட்டிகள் கைக்கொள்ளும் முறைகளின் பொருத்தத்தையும் ஆராய்வது பயனுடைத்து.

இவ்வாயிலின் பெயரே பழங் கடற்செலவை நினைவூட்டுவது. பதினெட்டாம் நூற்றாண்டில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை, தொண்டைமான் ஒருவன் இப்பகுதியில் விளையும் உப்பை மரக்கலங்களில் ஏற்றிச் செல்லும்பொருட்டு இந்நீர்வழியைத் திருத்துவித்தான் என்னும் மரபைக் கூறுகின்றது. முதற் குலோத்துங்க சோழனின் படைத்தலைவனும் கலிங்கத்துப்பரணியின் வீரனுமாகிய கருணாகரத் தொண்டைமானே அவன் எனக் கொள்வாரும் உளர். அது எவ்வாறாயினும், கலங்கள் உட்புகுதற்கு இவ்வாயில் திருத்தப்படவேண்டியிருந்தது என்னும் செய்தி கருதத்தக்கது. மணல் தூர்தல் இன்று நேற்று எழுந்த தொல்லையன்று.

ஆழமற்ற கழிமுகங்களின் இடர் பண்டைத் தமிழரும் நன்கறிந்ததே. சோழன் நலங்கிள்ளியை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய புறநானூற்று முப்பதாம் பாட்டிலே, மேற்பாயைக் களையாமலும் பாரத்தைக் குறையாமலும் பெருங்கலம் புகாரினுட் புகும் சிறப்புக் கூறப்படுகின்றது. அது சிறப்பாகக் கூறப்பட்டமையாலேயே, ஏனைய வாயில்களில் பாய் களைதலும் பாரம் குறைத்தலும் வழக்கமாய் இருந்தமை உய்த்துணரப்படும். கி. பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த எரித்திரியக் கடற் பயணம் என்னும் கிரேக்க நூலும், நருமதையாற்று வாயிலின் மணல்மேடுகளைக் குறித்து அச்சத்தோடு பேசுகின்றது. பரூகச்சத் துறைக்கு வரும் அயல்நாட்டுக் கலங்களை, அரசனது பணியிலிருந்த உள்ளூர் மீனவரே தம் படகுகளில் எதிர்சென்று அழைத்துவந்தனர் என்று அந்நூல் கூறும். பெருங்கடலைக் கடந்து வந்த மாலுமிகளும் வாயிலின்முன் உள்ளூர் மீனவனின் கண்ணையும் கையையும் நம்பிநின்றனர் என்பது இதனாற் பெறப்படும்.

இனி, வாயில் தூர்தற்குரிய காரணத்தை நோக்குவோம். அலை கரையைச் சாய்வாக மோதும்பொழுது மணலைக் கரையோரமாகவே நகர்த்திச் செல்கின்றது. இம்மணல் நீரோட்டத்தைச் சந்திக்குமிடத்துப் படிந்து, வாயிலின் குறுக்கே மேடாகின்றது. கோடையில் ஏரிநீர் வற்ற, வெளியேறும் ஓட்டம் குன்றுகின்றது, மேடு வளர்கின்றது. ஐப்பசி முதல் மார்கழி வரையிலேதான் குடாநாட்டு மழையின் பெரும்பகுதி பெய்கின்றது. அப்பொழுது வெள்ளம் மணலை அறுத்துக்கொண்டு கடல்நோக்கிப் பாயும். அது அறுக்கும் வழி ஆண்டுதோறும் ஒன்றாய் இராது; ஒரே மாரியில் இருமுறை மாறுதலும் கூடும். ஆகவே, சென்ற ஆண்டு கண்ட வழியை இவ்வாண்டும் நம்பிச் செல்பவன் மணலில் ஏறுவான்.

மணல்மேட்டினும் கொடியது அலையின் மாற்றமாகும். ஆழங்குறைந்த நீரில் அலையின் வேகம் ஆழத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 36 அடி ஆழத்தில் நொடிக்கு ஏறக்குறைய 34 அடி செல்லும் நீண்ட அலை, 4 அடி ஆழத்தில் 11 அடியளவே செல்லும். முன்னலை தயங்கப் பின்னலை நெருங்குகின்றது. நெருங்குந்தோறும் அலை குறுகி உயர்கின்றது. நீரின் ஆழம் அலையின் உயரத்தைப்போல் ஒன்றேகாற் பங்கு முதல் ஒன்றரைப் பங்குவரை குறையுமிடத்து அலை உடையும். எனவே, மூன்றடி அலை ஏறக்குறைய நான்கடி ஆழத்தில் உடைந்துவிடும். இரண்டடி நீரில் மிதக்கவல்ல படகு நான்கடி ஆழத்தைக் கடந்துவிடும் என்னும் கணக்கு அமைதியான நீருக்கே பொருந்தும். அலைப்பள்ளத்தில் நீர் தாழ, முன்னும் பின்னும் ஆடும் படகின் முனை மேலுந் தாழ்ந்து, நிலத்திலே தட்டும்.

மாரிகாலத்தில் இவ்விடர் இருமடங்காகின்றது. வடகீழ்ப் பருவக்காற்று கடலிலிருந்து கரையை நோக்கி அலைகளை உந்துகின்றது. ஏரியின் வெள்ளமோ கரையிலிருந்து கடலை நோக்கிப் பாய்கின்றது. எதிரோட்டத்தைச் சந்திக்கும் அலை இன்னும் குறுகிச் செங்குத்தாய் எழும். இந்தச் சந்திப்பு நிகழுமிடம் மணல்மேடே. இக்கடலில் பெருக்குக்கும் வற்றுக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய இரண்டடிக்கு மேற்படாது. ஆயினும், நான்கடி ஆழமுள்ள வாயிலில் இரண்டடி என்பது பாதியளவன்றோ! பூரணையும் அமாவாசையும் அடுத்த நாட்களில் இவ்வேறுபாடு மிகும், அட்டமியையொட்டிக் குறையும். பெருக்கின் இறுதிப் பொழுது உட்புகுதற்கு ஏற்றது. வெள்ளமும் வற்றும் ஒன்றுகூடி ஓடும் பொழுது, எக்காரணங் கொண்டும் தவிர்க்கத்தக்கது.

வாயிலை அணுகும் படகோட்டி முதலிற் செய்யவேண்டுவது காத்திருத்தலே. அலை உடையும் எல்லைக்கு வெளியே படகை நிறுத்தி, அவன் அலைகளை எண்ணுகின்றான். அலைகள் ஒரே அளவினவாய் வருவதில்லை. பேரலைகள் சில தொடர்ந்து வந்தபின் சிறிது ஓய்வு உண்டாகும். கடலிலிருந்து நோக்குவோனுக்கு அலையின் முதுகே தெரிதலின், அதன் உயரம் குறைவாகத் தோன்றும். இத்தோற்றத்தால் மயங்கி அழிந்தோர் பலர். வெண்ணுரை இடையறாது எழுமிடம் மேடு. நுரையின்றி நீர் கருத்துத் தோன்றுமிடம் ஆழம். கரையிலுள்ள இரு அடையாளங்களை, ஒரு பனையும் ஒரு கூரையும் போல்வனவற்றை, ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் வைத்துச் செல்லின் படகு ஒதுக்கப்படுவது உடனே புலனாகும். முன்னால் நிற்பவன் நீண்ட கோலினால் ஆழம் பார்த்துச் சொல்லுவான்.

உட்புகும்பொழுது, கடந்துசென்ற அலையின் முதுகைப் பின்பற்றி, அதனை முந்தாமலும் பின்வரும் அலைக்கு அகப்படாமலும் செல்லுதல் வேண்டும். பின்னலை கடையாரைத் தூக்கினால் அணியம் நீரிற் புதையும், சுக்கான் பயனற்றுப்போகும், படகு குறுக்கே திரும்பி அடுத்த அலையிற் கவிழும். இதனாலேயே பாரத்தை முன்பக்கத்தினின்றும் அகற்றிப் பின்பக்கம் வைத்தலும், கடையாரிலிருந்து கனத்த கயிற்றை நீரில் இழுத்துச் செல்லுதலும் நன்முறைகளாகின்றன. வெளிச்செல்லும்பொழுது அணியம் அலைக்கு நேரே நிற்றல் வேண்டும். இரண்டிற்கும் பொதுவான விதி ஒன்றுண்டு: மேட்டின்மீது ஏறியபின் மனம் மாறித் திரும்பலாகாது. திரும்பும் படகு தன் விலாவை அலைக்குக் காட்டுகின்றது. ஐயம் எழுமாயின் அது வெளியே நிற்கும்பொழுதே எழுதல் வேண்டும். வாயில் அமையும்வரை ஓர் இரவு கடலிலே தங்குதலும், வேறு துறை தேடிச் செல்லுதலும் கோழைமையல்ல.

தொண்டைமானாற்றின் நிலை இருபதாம் நூற்றாண்டின் நடுவிலே மாறியது. உவர்நீர் உட்புகாமல் தடுத்து மழைநீரைத் தேக்கும் நோக்கத்துடன் இங்கு தடுப்பணை கட்டப்பட்டது. குடாநாட்டுக்கு ஓர் ஆறு என்னும் பெயரால், நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் 1954-ஆம் ஆண்டில் வகுத்த திட்டத்திலும் இவ்வணை இன்றியமையாத உறுப்பாயிற்று. நன்னீர் வேண்டிநிற்கும் உழவர்க்கு இதன் பயன் பெரிது. அதே வேளையில், கடலிலிருந்து ஏரிக்குள் நேரே செல்லும் படகுவழி மறிபட்டது. மாரியில் அணைக்கதவுகள் திறக்கப்படும்பொழுது தேங்கிய வெள்ளம் ஒருங்கே வெளிப்படுதலின், வாயிலிலுள்ள படகோட்டி வானத்தையும் கடலையும் மட்டுமன்றிக் கதவுகளையும் நோக்கவேண்டியவனானான்.

அயலூராகிய வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொசெஸ்டர்த் துறையை அடைந்த செய்தி இன்றும் பெருமையோடு பேசப்படுகின்றது. அத்தகைய பெருஞ்செலவுகள் ஏடேறின. நாள்தோறும் மணல்மேட்டைக் கடந்து வீடு சேர்ந்தோரின் அறிவோ பெரும்பாலும் ஏடேறவில்லை. இயந்திரப் படகு வந்தபின் காத்திருக்கும் பொறுமையும் குறைந்துவருகின்றது. ஆயின், அலை உடையும் விதி இயந்திரத்திற்காக மாறுவதில்லை. முதிய கடற்றொழிலாளர் வழங்கும் காற்றின் பெயர்களையும், நீரின் குறிகளையும், வாயில் ஆண்டுதோறும் மாறும் வகையையும் கேட்டெழுதி வரைபடமாக்குதல், புவியியல் பயிலும் மாணவர் தம் ஊரை விட்டகலாமலே செய்யத்தக்க ஆராய்ச்சியாகும். அவ்வெழுத்து ஒரு மாரியில் ஒரு படகையேனும் வெளியே காத்துநிற்கச் செய்யுமாயின், அதன் பயன் நிறைவெய்தியதாகும்.