பொதுப் பட்டமா, சிறப்புப் பட்டமா?



அம்பாறை மாவட்டத்தில், இறக்காமத்தை அடுத்து வரிப்பத்தான்சேனை என்னும் ஊர் இருக்கிறது. நெல்வயல்கள் சூழ்ந்த ஊர். அத்தகைய ஊரில், குடும்பத்திலே முதன்முதலாகப் பல்கலைக்கழகம் புகுந்த ஒரு பெண்ணைச் சற்றே மனக்கண்முன் நிறுத்திக் கொள்ளுங்கள். முதலாம் ஆண்டுப் பரீட்சை முடிந்து பெறுபேறு வந்துவிட்டது. பொதுக் கற்கையா, சிறப்புக் கற்கையா என்று எழுதிக் கொடுக்க வேண்டிய படிவம் கையில் இருக்கிறது. வட்டையிலிருந்து வீடு திரும்பிய தந்தை அதைக் கேட்டறிந்து, "மூணு வருசத்தில முடிக்கேலாதா மகள்?" என்கிறார். மகளோ, "முடிக்கலாம் வாப்பா, ஆனா..." என்று தொடங்கி நிறுத்திவிடுகிறாள். அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் வரவேண்டிய வார்த்தைகளே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் பெயரைத் தெளிவு செய்து கொள்வோம். முன்னாளில் 'சிறப்புப் பட்டம்' என வழங்கியதையே இப்போது ஆங்கிலத்தில் 'ஆனர்ஸ்' என்கின்றனர். அதனைக் 'கௌரவப் பட்டம்' என்று மொழிபெயர்த்தால், பெரியோருக்கு மேடையில் மாலை சூட்டி வழங்கும் பட்டமென்று மக்கள் மயங்கிவிடுவர். ஆதலால் பழைய பெயரையே நான் கையாளுகிறேன். 2012ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்ற இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி, பொதுப் பட்டம் ஐந்தாம் மட்டத்தைச் சேர்ந்தது; மூன்றாண்டு, 90 திறமைப்புள்ளிகள். சிறப்புப் பட்டம் ஆறாம் மட்டத்தைச் சேர்ந்தது. நான்காண்டு, 120 திறமைப்புள்ளிகள். ஒரு திறமைப்புள்ளி என்பது ஏறத்தாழ 50 மணி நேர உழைப்பு. எனவே மேலதிகமான அந்த ஓராண்டு 1,500 மணி நேரம் ஆகிறது. அதன் பெரும்பகுதி ஒரே பாடத்துக்குச் செல்லும். பொறியியலும் மருத்துவமும் பயில்வோருக்கு இந்தத் தெரிவே இல்லை. கலை, விஞ்ஞானம், வர்த்தகம் முதலியன பயில்வோருக்கே இச்சிக்கல் எழுகிறது.

இது நம் நாட்டிற்குப் புதியதன்று. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றுமுன், 1921இல் அமைந்த பல்கலைக்கழகக் கல்லூரியில் நம்மவர் இலண்டன் பல்கலைக்கழகப் பட்டங்களுக்கே பயின்றனர். பின்னர்ப் பேராதனையில், முதலாண்டுத் தகுதிப் பரீட்சையின் பெறுபேற்றை நோக்கியே சிறப்புக் கற்கைக்கு மாணவர் தெரிவாயினர். 1960இல் கலைப் பாடங்களைத் தாய்மொழியில் பயிலும் வழி திறந்தது. எனினும் கீழ்க்கரை மாணவர் அதற்காகத் தொலைதூரம் செல்ல வேண்டியிருந்தது. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, மறு ஆண்டிலேயே முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவில் கடற்கரையில் அமைந்தது. அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இருக்கிறது. வரிப்பத்தான்சேனைப் பெண் இன்று வீட்டிலிருந்தே பல்கலைக்கழகத்துக்குப் போய்வரவும் கூடும். தூரம் குறைந்துவிட்டது, தெரிவின் கடினம் மட்டும் குறையவில்லை.

அக்கடினத்துக்கு ஒரு காரணம், கதவு மிக விரைவில் அடைபடுவது. சில பீடங்களில் முதலாம் ஆண்டின் முடிவிலும், சிலவற்றில் இரண்டாம் ஆண்டின் முடிவிலும் தெரிவு நடைபெறுகிறது. விரும்பும் பாடத்தை முதலாண்டிலேயே எடுத்திருக்க வேண்டும். அதில் குறித்த தரத்தைப் பெற்றிருக்கவும் வேண்டும். இடங்களோ அளவானவை. ஊரைவிட்டு வந்த புதுமையில் முதலாண்டை விளையாட்டாய்க் கழித்தவர், பிற்பாடு எத்துணை உழைத்தாலும் அக்கதவைத் திறக்க முடியாமற் போகலாம். இதனை மாணவருக்கு முதல் வாரத்திலேயே உரக்கச் சொல்லுதல் வேண்டும். கைந்நூலில் அச்சிட்டிருக்கிறோம் என்பது போதாது என்பதே என் கருத்து.

சரி, அந்த நான்காம் ஆண்டிலே என்னதான் நிகழ்கிறது? மற்றவர் எழுதியதைப் படித்து ஒப்புவித்த மாணவர், ஆய்வுக் கட்டுரை ஒன்றைத் தாமே எழுதத் தொடங்குகிறார். ஒரு கேள்வியைத் தெரிந்தெடுத்து, தரவு திரட்டி, பிழை திருத்தி, மேற்பார்வையாளர் முன் நின்று பதில் சொல்கிறார். கேள்விக்காக அவர் தொலைவில் அலைய வேண்டியதில்லை. கீழ்க்கரை முஸ்லிம்களிடையே தாய்வழியாக வரும் குடி முறையை எடுத்துக்கொள்ளுங்கள். குடிக்கொரு மரைக்காயர் பள்ளிவாசல் நிருவாகத்தில் அமர்ந்த வழக்கம், பெண்ணுக்கு வீடு கொடுத்து மருமகனை அவ்வீட்டுக்கு அழைக்கும் வழக்கம் ஆகியவை நமக்கு அன்றாடச் செய்திகள். டென்னிஸ் மக்கில்வ்ரே என்னும் அமெரிக்க மானிடவியலாளர் இவற்றை ஆராய 1969இல் அக்கரைப்பற்றுக்கு வந்து தங்கினார். பல்லாண்டுகள் தொடர்ந்த அந்த ஆய்வு 2008இல் பெரிய நூலாக வெளிவந்தது. அவர் கடல் கடந்து வந்து கேட்ட கேள்விகளை நம் வீட்டு உம்மாமாரிடம் கேட்க ஒரு பேருந்துச் சீட்டே போதும். சமூகவியல் பயிலும் மாணவிக்கு அது வாய்ப்பு. புவியியல் பயில்பவருக்கு இறக்காமக் குளமும், சிறுபோகத்தில் கடைமடை வயல்களுக்கு நீர் எட்டுகிறதா என்னும் கேள்வியும் காத்திருக்கின்றன. தமிழ் பயில்பவருக்கு மூதாட்டியர் நாவில் இன்னும் எஞ்சியிருக்கும் கவிகள் உள்ளன. அவர்கள் மறைந்தபின் அவற்றைத் தொகுக்க எந்த ஆய்வாளராலும் இயலாது.

இவ்வாறு சொல்வதனால் பொதுப் பட்டம் தாழ்ந்தது என்று கொள்ளலாகாது. கல்முனைக்கு அருகே காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலானந்தரை நினைத்துப் பாருங்கள். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர். இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானார். பழந்தமிழரின் யாழை மீட்டுரைத்த அவருடைய 'யாழ் நூல்' 1947இல் வெளிவந்தது. நரம்பின் நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள கணக்கு அறியாத ஒருவரால் அதனை எழுதியிருக்க முடியாது. இரண்டு துறைகளில் கால் ஊன்றி நிற்கும் மனப்போக்கு உடையவருக்கு, மூன்று பாடங்களைச் சமமாகப் பயிலும் பொதுக் கற்கையே பொருந்தக் கூடும். ஒரு பாடத்திலேயே ஊறித் திளைக்க விரும்பாதவரைப் பெயரின் மினுக்குக்காக நான்காம் ஆண்டில் அமர்த்துவது வீண்.

தொழிலைப் பற்றிய கணக்கையும் ஒளிக்காமற் சொல்ல வேண்டும். பட்டதாரி ஆசிரியராகவோ, இலங்கை நிர்வாக சேவைப் போட்டிப் பரீட்சை எழுதவோ விரும்புவோருக்குச் சிறப்புப் பட்டந்தான் வேண்டும் என்பதில்லை. பல்கலைக்கழகத்தில் தகுதிகாண் விரிவுரையாளராக விரும்புவோர் நிலை வேறு. சிறப்புப் பட்டத்தில் முதலாம் வகுப்போ இரண்டாம் வகுப்பு மேற்பிரிவோ பொதுவாக எதிர்பார்க்கப்படுகிறது. மேற்பிரிவுக்குத் தரப்புள்ளிச் சராசரி 3.30, முதலாம் வகுப்புக்கு 3.70. வெளிநாடு செல்வோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 'ஆனர்ஸ்' என்னும் சொல் எங்கும் ஒன்றன்று. இங்கிலாந்தில் அது பெரும்பாலும் மூன்றாண்டு, ஸ்கொத்லாந்தில் நான்காண்டு. இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் கல்விக் கொள்கை நான்காண்டுச் சிறப்புப் பட்டத்துக்கு வழி வகுத்தது. ஆதலால், போக விரும்பும் பல்கலைக்கழகம் நம் மூன்றாண்டுப் பட்டத்தை எவ்வாறு மதிக்கிறது என்பதை முன்கூட்டியே எழுதிக் கேட்டறிவது நன்று.

இனி வாப்பாவின் கேள்விக்கு வருவோம். அது அறியாமையாற் கேட்ட கேள்வியன்று. ஓராண்டு பிந்தினால் ஓராண்டுச் சம்பளம் பிந்துகிறது. பின்னால் ஒரு தம்பி படிக்கக் காத்திருக்கலாம். மகளின் கல்யாணப் பேச்சும், அவளுக்குக் கட்டிக் கொடுக்க வேண்டிய வீடும் பெற்றோர் மனத்தில் இருக்கும். பெரும்போக விளைச்சல் பொய்த்தால் எல்லாக் கணக்கும் தடம் மாறும். "உங்களுக்கு விளங்காது" என்று பெற்றோரைத் தட்டிக் கழிக்கும் மாணவரைக் கண்டிருக்கிறேன், அது முறையன்று. மகாபொல அல்லது நிதியுதவிப் பணம் நான்காம் ஆண்டுக்கும் கிடைக்குமா? இடையிலே நெருக்கடி வந்தால் பொதுப் பட்டத்துடன் வெளியேற இடமுண்டா? கற்பிக்கும் மொழி தமிழா, ஆங்கிலமா? தான் எழுத விரும்பும் பொருளை மேற்பார்வை செய்ய அத்திணைக்களத்தில் யார் இருக்கிறார்? இவற்றுக்கு விடை தேடிக்கொண்டு வந்து, தாளிலே கூட்டிக் கழித்து, வாப்பாவின் முன் வைக்கலாம். பட்டத்தின் சிறப்பைப் பற்றிய சொற்பொழிவைவிட அந்தத் தாள் அவரிடம் அதிகம் பேசும்.

படிவத்திலே முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று இடம் விட்டிருந்தால் இரண்டையும் நிரப்புங்கள். கையளிக்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்னதாகத் திணைக்களத் தலைவரைச் சந்திக்க நேரம் கேளுங்கள். சென்ற ஆண்டுச் சிறப்புக் கற்கை மாணவர் ஒருவரின் ஆய்வுக் கட்டுரையை நூலகத்தில் வாங்கி, முதல் இருபது பக்கங்களைப் படித்துப் பாருங்கள். இருபத்தோராம் பக்கத்தையும் புரட்டத் தோன்றுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துக் கொள்ளுங்கள்.