சிறிய பள்ளி, பெரிய கேள்வி

அமெரிக்காவில் யூதர்கள் நடத்தும் சிறிய தனியார் பள்ளிகள் பலவற்றில் நாளின் ஒரு பகுதி எபிரேயத்துக்கும் தோராவுக்கும், மறுபகுதி கணிதம், அறிவியல் முதலிய பாடங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. அங்கே அரசுப் பள்ளிகளில் சமய போதனை கிடையாது. எனவே பெற்றோர் கட்டணம் செலுத்தி இங்கே அனுப்புகின்றனர்.

ஆனால் பெற்றோரின் கருத்து ஒன்றல்ல. ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையையும் அறிந்திருக்கிறார், செபிக்கக் கற்றுத்தருகிறார் என மகிழ்வோர் உண்டு. கட்டணம் மிகுதி, பாடச்சுமை அதிகம், பிற சமயப் பிள்ளைகளோடு பழக வாய்ப்பில்லை என வருந்துவோரும் உண்டு. இரு தரப்பிலும் உண்மை இருக்கிறது.

ஓர் ஆசிரியருக்கு 25 பிள்ளைகள் என்று தால்மூது நூல் பழங்காலத்திலேயே வரையறுத்தது. ஆனால் இறைக்கட்டளைகளைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்குமாறு இணைச்சட்டம் 6-ஆம் அதிகாரம் பணிப்பது பெற்றோரைத்தான்.

1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட ஏடுகளுள் ஒன்று, பெற்றோரே முதன்மை ஆசிரியர்கள் என்றது. அதே நாளில் வெளியான மற்றொன்று, யூத மக்களோடு நமக்குள்ள ஆன்மிக உறவை நினைவூட்டியது.

நாமும் பள்ளியைத் தேடும்போது மதிப்பெண்ணையும் கட்டணத்தையும் ஒப்பிடுகிறோம். ஞாயிறு மறைக்கல்வி வகுப்புக்கு அனுப்பியதோடு நம் கடமை முடிந்ததா? இன்றிரவு குடும்ப செபத்தில் நம் பிள்ளை நம்மிடம் எதைக் கற்கும்? சிந்திப்போம்.