வரைபடத்தில் வெள்ளையாக விடப்பட்ட இடம்

திட்டமிடல் என்ற சொல் நம் சூழலில் அரசுக்கு உரியதாகவே இருந்துவந்திருக்கிறது. திட்டம் தீட்டுகிறவர் ஓரிடத்தில். அதற்கு ஆளாகிறவர் இன்னோரிடத்தில். ஒரு மீனவர் குப்பம் தன்னுடைய அடுத்த முப்பது வருஷத்தைத் தானே வரைந்துகொள்ள முடியுமா? சோழமண்டலக் கடற்கரையை முன்வைத்து இந்தக் கேள்வியைப் பேசிப் பார்க்கிறேன்.

வருவாய்த்துறையின் புலப்படம் நிலத்தைத் துண்டுகளாகப் பார்க்கிறது. துண்டுக்கு ஓர் எண். எண்ணுக்கு ஓர் உடைமையாளர். உடைமையாளர் இல்லையென்றால் புறம்போக்கு. குப்பத்து வீடுகளுக்கும் அலைக்கும் நடுவிலுள்ள மணல் இப்படித்தான் வெள்ளையாக விடப்படுகிறது. அந்த மணலில் காலையில் படகு ஏறுகிறது, மீன் ஏலம் போகிறது. மத்தியானம் கிழிந்த வலையைப் பரப்பிச் சரிசெய்கிறார்கள். வெயில் காலத்தில் கருவாடு காய்கிறது. கரைவலை இழுக்க நீண்ட வெறும் மணல் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் கடல் ஏறிவரும்போது படகுகளை வீட்டு வாசல்வரை இழுத்துப் போட வேண்டும். ‘சும்மாதானே கெடக்கு’ என்று சொல்லப்படும் இடம் பொழுதுக்கும் பருவத்துக்கும் ஒரு வேலையாகப் பகிரப்பட்ட பொது இடம். பரப்பை மட்டும் அளக்கும் பார்வைக்கு இது தெரிவதில்லை. வெற்றிடம் அங்கே கிடந்ததல்ல, வரைபடம் உண்டாக்கியது.

இதன் விளைவுகளைப் பார்த்துவிட்டோம். 2004 சுனாமிக்குப் பிறகு வந்த 172ஆம் எண் அரசாணை (2005 மார்ச்), உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்களிடம் சொன்னது இதுதான்: வெளியே போனால் இலவச வீடு, பழைய மனையை அரசிடம் ஒப்படைத்துவிட வேண்டும், போகமாட்டேன் என்றால் சொந்தச் செலவில் பழுதுபார்த்துக்கொள், உதவி கிடையாது. பாதுகாப்பு என்ற சொல்லாடலுக்குள் வீடு மட்டும் இருந்தது, தொழில் இல்லை. படகும் இஞ்சினும் கரையில்; ஆள் எங்கோ காலனியில். சென்னை நொச்சிக்குப்பத்தில் வீடுகளுக்கும் மணலுக்கும் நடுவே சாலை ஓடுகிறது. 2023 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தானாகவே எடுத்துக்கொண்ட வழக்கில், அங்கே மீன் விற்ற பெண்கள் போக்குவரத்துக்கு இடைஞ்சலாகப் பார்க்கப்பட்டார்கள். மாநகராட்சி கடைகளை அகற்றியது. அவர்களுக்கான அங்காடி 2024 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது. சாலை வரைபடத்தில் இருந்தது, சந்தை இல்லை. எனவே சந்தைதான் ஆக்கிரமிப்பு.

சரி, சட்டம் என்ன சொல்லுது? கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991இல் வந்தது. அதன் இடத்தில் வந்த 2011 அறிவிக்கை, மீனவக் கிராமங்கள், பொதுச் சொத்துகள், மீன் காயவைக்கும் இடங்கள் எல்லாவற்றையும் புல அளவிலான வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்றது. மீனவர்களின் நீண்டகால வீட்டுத் தேவைக்கு மாநிலங்கள் திட்டம் தயாரிக்க வேண்டும் என்றும் சொன்னது. 2019 அறிவிக்கையிலும் இது இருக்கிறது. அளவுதான் இங்கே அரசியல். 1:25,000 வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 25 மீட்டர். பேனாக் கோட்டுக்குள்ளேயே ஒரு படகுத்துறை காணாமல் போகும். 1:3,960 அளவிலான புல வரைபடத்தில் அதே மில்லிமீட்டர் ஏறக்குறைய 4 மீட்டர். அங்கே ஏலக் கூடத்தையும் காட்டலாம். 2019 அறிவிக்கை இன்னொன்றும் செய்தது. 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊரகக் கடற்கரையில், கட்டுமானத் தடைப் பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருக்கியது. திறந்துவிடப்பட்ட அந்த 150 மீட்டரில் வரப்போவது மீனவர் பிள்ளைகளின் வீடா, விடுதியா? குப்பம் தன் தேவையை முதலில் எழுதிவைக்காவிட்டால் பதில் நமக்குத் தெரிந்ததே.

ஆகவே குப்பமே தன் வரைபடத்தைப் போட்டாக வேண்டும். கையில் ஜி.பி.எஸ். உள்ள ஒரு செல்போன், புலப்படத்தின் நகல், கரையை அறிந்த கிழவர்கள், கிழவிகள். இவ்வளவுதான் முதலீடு. ஒவ்வொரு பயன்பாட்டையும் சர்வே எண்ணோடு குறிக்க வேண்டும். எந்த மாதம், எந்த நேரம் என்பதையும் சேர்க்க வேண்டும். கடல் எதுவரை ஏறியது, எப்போது என்பதையும் கேட்டுக் குறிக்க வேண்டும். கரை அசையாத கோடு அல்ல: சென்னைத் துறைமுகம் கட்டியபின் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரிக்கப்பட்டது. அடுத்து, இன்றுள்ள பிள்ளைகள் குடும்பமானால் எத்தனை வீடு கூடுதலாக வேண்டும் என்ற கணக்கு. இதைக் கிராம சபைத் தீர்மானமாக்கி, வரைவுத் திட்டத்தின்மீது கருத்துக் கேட்கும்போது எழுத்தில் கொடுக்க வேண்டும். வாய்மொழி உரிமை கோப்பில் ஏறாது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ‘ஊர்’ என்பதை ஒற்றைக் குரலாகக் கொண்டாடும் பழக்கம் நம்மிடமும் இருக்கிறது. ஊர்ப் பஞ்சாயத்து பெரும்பாலும் ஆண்களின் சபை. கூடை சுமந்து விற்கும் பெண்ணுக்கும், படகு இல்லாத கூலியாளுக்கும், கழிமுகத்தில் கையால் இறால் தடவும் இருளருக்கும் அங்கே இடம் எவ்வளவு? சுனாமி நிவாரணத்தில் தலித்துகளும் இருளர்களும் பல இடங்களில் விடுபட்டது, பாதிக்கப்பட்டவர் என்றால் மீனவர்தான் என்ற வரையறையால். அரசின் வரைபடம் குப்பத்தை வெள்ளையாக விட்டதுபோல, குப்பத்தின் வரைபடமும் சிலரை வெள்ளையாக விடலாம். யார் வரைகிறார்கள் என்பதோடு, வரையும்போது யார் கூட நின்றார்கள் என்பதையும் நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.