மீண்டு வந்த மீலூ மான்

காட்டில் அற்றுப்போன ஓர் உயிரினம் மீண்டும் காட்டில் வாழ்தல் கூடுமா? கூடும் என்பதற்குச் சீன நாட்டின் மீலூ மான் சான்றாகும்.

இதன் முகம் குதிரையை ஒக்கும். குளம்பு மாட்டை ஒக்கும். கொம்பு மானை ஒக்கும். வால் கழுதையை ஒக்கும். ஆயினும் முழுமையாக எதனையும் ஒவ்வாமையால், சீனர் இதனை 'நான்கிலும் சேராதது' என்றனர். அகன்று விரியும் குளம்புகள் சேற்றில் புதையாமல் நடக்க உதவுவன. சதுப்பு நிலமே இதன் தாயகம். அந்நிலங்கள் கழனிகளாயின, வேட்டையும் பெருகிற்று. முடிவில், பெய்ஜிங் நகருக்குத் தெற்கே மதில் சூழ்ந்த நன்ஹைசி என்னும் அரச வேட்டைக் காட்டில் மட்டுமே இவ்வினம் எஞ்சியது.

1865-இல் பிரெஞ்சுப் பாதிரியார் அர்மான் டேவிட் அங்கு இம்மான்களைக் கண்டு, மேல்நாட்டு அறிஞருக்கு அறிவித்தார். ஆங்கிலத்தில் இன்றும் அவர் பெயராலேயே இம்மான் வழங்குகிறது. பின்னர்ச் சில மான்கள் ஐரோப்பிய மிருகக்காட்சிச் சாலைகளுக்குச் சென்றன.

அச்செலவே இவ்வினத்தைக் காத்தது எனலாம். 1890-களின் நடுவில் பெருவெள்ளம் வேட்டைக் காட்டின் மதிலை உடைத்தது. வெளியேறிய மான்கள், பசியால் வாடிய மக்களுக்கு இரையாயின. எஞ்சியவற்றுள் பெரும்பாலானவை 1900-ஆம் ஆண்டுப் பாக்ஸர் கலகத்தின்போது மடிந்தன. ஒரே இடத்தில் வைத்த செல்வம் அவ்விடத்திலேயே அழிந்தது.

இந்நிலையில் இங்கிலாந்தின் 11-ஆம் பெட்போர்டு கோமகன், ஐரோப்பாவில் சிதறிக் கிடந்த 18 மான்களைத் தம் வோபன் தோட்டத்தில் ஒன்றுசேர்த்தார். பரந்த புல்வெளியில் மந்தையாக வாழ்ந்து அவை பெருகின. இன்று உலகிலுள்ள மீலூ மான்கள் யாவும் அச்சிறு மந்தையின் வழிவந்தவையே. மீண்டும் ஒரே இடத்தில் வைத்திருப்பது தீது என்றுணர்ந்து, இரண்டாம் உலகப் போரையொட்டி அவற்றைப் பிற இடங்களுக்கும் பகிர்ந்தனர்.

1985-இல் வோபன் மான்கள் நன்ஹைசிக்கே திரும்பின. 1986-இல் மேலும் 39 மான்கள், மஞ்சட் கடலோரத்து டாபெங் காப்பகத்தை அடைந்தன. 1998-இல் யாங்சி ஆறு பெருக்கெடுத்தபோது, ஷிஷோவ் காப்பகத்து மான்கள் சில வேலி கடந்து சென்று, டோங்டிங் ஏரிப் புறத்தில் தாமாகவே வாழத் தலைப்பட்டன. முன்னொரு வெள்ளம் அழித்தது. இவ்வெள்ளம் விடுதலை அளித்தது.

இன்று சீனத்தில் இவை பல்லாயிரமாகப் பெருகியுள்ளன. எனினும் மிகச் சில மான்களின் வழித்தோன்றல்கள் ஆதலின், இவற்றிடையே மரபு வேறுபாடு குறைவு. ஒரு கொடிய நோய் பலவற்றை ஒருசேரத் தாக்கவும் கூடும். ஆகவே மந்தைகள் பல இடங்களில் வாழ்தல் வேண்டும். அதற்குச் சதுப்பு நிலங்கள் எஞ்சியிருத்தல் வேண்டும். மானைக் கொணர்வது பாதிப் பணியே. அது வாழும் நிலத்தைக் காப்பது மறுபாதி.